பயன் சொல்லல்

யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராண படனம் நடைபெறும் முறையை, வெவ்வேறு பிரதேசங்களிலிருந்து இப்பல்கலைக்கழகத்துக்கு வந்து கற்கும் நண்பர்கள் எல்லோரும் அறிந்திருப்பர் எனக் கூறுவதற்கில்லை. ஒருவர் புராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். அருகே அமர்ந்திருக்கும் மற்றொருவர் அதனைப் பதம் பிரித்து விளக்குவார். இவ்விரண்டாமவர் செய்யும் பணியை எமது ஊரார் 'பொருள் சொல்லல்' என்பதில்லை. 'பயன் சொல்லல்' என்றே வழங்குவர். பொருளுக்கும் பயனுக்கும் இடையேயுள்ள தூரத்தை இச்சொல்லை ஆக்கிக்கொண்டவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும். பயன் சொல்பவர் தாம் நினைத்தவாறு சொல்லிவிட்டு எழுந்து போகவும் இயலாது. ஆண்டுதோறும் கேட்டுக் கேட்டுப் புராணத்தை மனத்திற் பதித்துக்கொண்ட முதியவர்கள் சபையிலே இருப்பர். ஒரு பதம் பிறழ்ந்தால், ஓர் உவமை விடுபட்டால், அந்த இடத்திலேயே மறித்துக் கேட்பர். அவ்வாறு கேட்டவர்களுள் எழுத வாசிக்கத் தெரியாதவர்களும் இருந்தனர் என்று என் பாட்டனார் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இம்மரபை இங்கு நினைவுகூர்வதற்குக் காரணம் உண்டு. வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் பேராசிரியர்களும் விரிவுரையாளர்களும் எழுத்தாளர்களும் வந்து நிகழ்த்தும் பொதுச் சொற்பொழிவுகளைச் சிறு வயது முதலே கேட்டு வளர்ந்தவன் நான். வலிகாமத்திலுள்ள எமது ஊர் வாசிகசாலைக்குப் பேச்சாளரை ஒழுங்கு செய்யும் பொறுப்பும், பல்கலைக்கழகத்தில் படிப்பவன் என்ற ஒரே தகுதி காரணமாக, மூன்று ஆண்டுகளாக என் தலையில் விழுந்திருக்கிறது. இச்சொற்பொழிவுகளிலே பொருளுக்குக் குறைவில்லை. பயன் சொல்லப்படுகிறதா என்பதுதான் சில காலமாக என்னை உறுத்திவரும் வினா.

பொதுச் சொற்பொழிவு என்னும் வடிவம் எமக்குப் புதியதன்று. 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆம் திகதி, ஒரு வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே ஆறுமுக நாவலர் தமது முதலாவது பிரசங்கத்தைச் செய்தார். அப்பொழுது அவருக்கு வயது 25. இன்று இச்சஞ்சிகையில் எழுதுவோருள் பலருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான் என்பதை எண்ணும்போது சற்று வெட்கமாக இருக்கிறது. கிறித்தவ மிஷனரிமார் மக்களைத் திரட்டிப் பேசிய முறையை அவர்களோடு பழகி நேரிற் கண்டவர் அவர். அம்முறையையே சைவத்துக்குக் கருவியாக்கிக்கொண்டார். செய்யுளை முன்வைத்து அதற்குப் பயன் சொல்லும் மரபு ஒருபுறம் தொடர்ந்திருக்க, விடயத்தையே நேராக எடுத்து வசனத்திற் பேசும் புதிய மரபு மறுபுறம் வேரூன்றிற்று. நாவலருடைய எழுத்திற் காணப்படும் தெளிவுக்கும், எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துப் பேசிப் பழகிய அவரது வாய்க்கும் தொடர்பில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

எனினும் எதிரே இருந்தவர்கள் யார் என்ற கேள்வியை விட்டுவிட்டுப் பழமையைப் போற்றுவது நேர்மையாகாது. புராணம் படிக்கப்பட்ட கோயில்களுட் பலவற்றுக்குள் எமது சமூகத்தின் ஒரு பகுதியினர் நுழையவே அனுமதிக்கப்படவில்லை. 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராட வேண்டியிருந்தது. ஆகவே மறித்துக் கேட்கும் அந்த உரிமையும் ஒரு சாராருக்கே உரியதாயிருந்தது. வாசிகசாலையின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. அது கோயில் மண்டபமன்று. வாங்கில் இருந்து பத்திரிகை வாசிக்கும் எவனும் சபையோரில் ஒருவன். வாசிகசாலைகளும் சாதிவாரியாகப் பிரிந்து கிடந்த ஊர்கள் உண்டு என்பது உண்மையே. ஆயினும் ஓரூரில் இரண்டு வாசிகசாலைகள் இருந்தால் இரண்டிலும் பேச ஒரே பேராசிரியர் வந்தார். 1974 ஆம் ஆண்டு யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் ஆரம்பிக்கப்பட்டு, க. கைலாசபதி அதன் முதலாவது தலைவராக வந்த பின்னர், பேச்சாளருக்கும் சபைக்கும் இடைப்பட்ட தூரம் ஒரு துவிச்சக்கர வண்டிப் பயணமாகச் சுருங்கிற்று.

இன்றைய நிலைக்கு வருவோம். எழுத்தாளர்களின் கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல நான் விரும்பவில்லை. அவை பெரும்பாலும் நூல் வெளியீட்டு விழாக்களாகவே முடிகின்றன. மங்கல விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை, வெளியீட்டுரை, முதற்பிரதி பெறல், சிறப்புப் பிரதிகள் பெறல், ஆய்வுரை என்று எல்லாம் நிறைவெய்திய பின், பாதிக் கதிரைகள் வெறுமையாகிவிட்ட வேளையில், நூலை எழுதியவர் ஏற்புரைக்கு அழைக்கப்படுவார். அவர் எழுந்ததும் 'நேரத்தைக் கருத்திற் கொண்டு' என்று தொடங்குவார். தமது கதையை வாசித்த ஒருவரோடு பேசுவதற்காக எழுதியவர், வாசிக்காத பத்துப் பேருக்கு நன்றி கூறிவிட்டு அமர்கிறார். இதிலே எழுத்தாளர் மீது குற்றமில்லை. அச்சுக்கூலியை மீட்பதற்கு வேறு வழி அவருக்கு இல்லை.

கல்வியாளர்களின் சொற்பொழிவு வேறு வகையானது. சென்ற ஆண்டு எமது வாசிகசாலையில் நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகவே கூற வேண்டும். பேச்சாளர் புவியியல் விரிவுரையாளர், முப்பத்தைந்து வயதிருக்கும். குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பற்றிப் பேச வந்திருந்தார். அவரை அழைத்தவன் நானே. நன்றாகவும் பேசினார். எமது நிலத்தின் அடியிலே சுண்ணாம்புக்கல் பரந்து கிடப்பதையும், அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே எமது கிணற்று நீர் என்பதையும், அந்த நன்னீர் கடலோடு தொடர்புடைய உவர்நீரின் மேலே ஒரு வில்லை போல மிதக்கிறது என்பதையும் விளக்கினார். புத்தூர் நிலாவரைக் கிணற்றிலே மேலே நன்னீரும் ஆழத்திலே உவர்நீரும் இருப்பதை உதாரணமாகக் காட்டியபோது சபையோர் தலையசைத்தனர்; அது எல்லோரும் எட்டிப் பார்த்த கிணறு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எமக்கு இல்லை. வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். வடகீழ்ப் பருவமழை தந்ததைக்கொண்டே அடுத்த மாரி வரை காலந்தள்ள வேண்டும்.

அடுத்து அவர் நைத்திரேற்றைப் பற்றிப் பேசினார். செம்மண் நீரை விரைவாகக் கீழே விடும் மண். தோட்டத்தில் இடும் யூரியாவில் பயிர் எடுத்தது போக எஞ்சியது நைத்திரேற்றாக மாறி, பாய்ச்சும் நீரோடும் மழையோடும் கிணற்றைச் சென்றடைகிறது. மலசலகூடக் குழிகளும் இதற்குத் துணை செய்கின்றன. குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. எமது விவசாயப் பகுதிக் கிணறுகள் பல இவ்வெல்லையைத் தாண்டியுள்ளன. பால்குடிக் குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இது குறைக்கக்கூடும். புட்டிப்பாலை இத்தகைய நீரிற் கரைத்துக் கொடுக்கும்போது ஆபத்து அதிகம். திரையிலே வரைபுகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. ஹெக்டேயருக்கு இத்தனை கிலோகிராம் என்ற அட்டவணையும் அவற்றுள் ஒன்று.

'சந்தேகங்கள் இருப்பின் கேட்கலாம்' என்று தலைவர் அறிவித்தார். முதலில் எழுந்தவர் ஓய்வுபெற்ற அதிபர். அவர் கேள்வி கேட்கவில்லை. பேச்சாளரைப் பாராட்டி ஏழெட்டு நிமிடம் பேசினார். இரண்டாமவர் பேச்சாளரின் குடும்பம் எந்த ஊர் என்று விசாரித்தார். மூன்றாவதாக எழுந்தவர் என் தகப்பனார். அவர் வெங்காயச் செய்கைக்காரர். கூட்டங்களில் வாய் திறப்பவரல்லர். ஒலிவாங்கியை வாங்காமலே கேட்டார்:

"தம்பி, நீங்கள் சொன்னது எல்லாம் விளங்குது. இருபத்தோராம் ஆண்டு உரம் போடக்கூடாதெண்டு சட்டம் வந்துது. வெங்காயம் கொட்டைப்பாக்களவுக்கும் வரேல்லை. இப்ப, போட்டால் தண்ணி பழுதாகுது எண்டுறியள். நான் கேக்கிறது ஒண்டுதான். ஒரு பரப்புக்கு எவ்வளவு போடலாம்?"

இக்கேள்வியின் பின்னணியை இங்கு விளக்க வேண்டியதில்லை. 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், நவம்பரில் அத்தடை விலக்கப்பட்டதும், மறு ஆண்டு உரத்தின் விலை தோட்டக்காரனின் கைக்கெட்டாத உயரத்துக்குப் போனதும் யாவரும் அறிந்தவை. எமது வீட்டிலே அந்த இரண்டு ஆண்டுகளில் அடைவு வைக்கப்பட்ட நகை இன்னும் மீட்கப்படவில்லை. ஆதலால் என் தகப்பனாரின் கேள்வியை வெறும் தகவல் கேட்கும் வினாவாக நான் கொள்ளவில்லை. முதலில் அரசாங்கம் 'போடாதே' என்றது. இப்பொழுது அறிவு அதையே சொல்கிறது. இரண்டுக்கும் வேறுபாடு உண்டா என்பதை அறியவே அவர் விரும்பினார்.

விரிவுரையாளர் திரையிலிருந்த அட்டவணையைத் திரும்பிப் பார்த்தார். அது ஹெக்டேயரில் இருந்தது. எமது தோட்டக் காணிக் கணக்கிலே 16 பரப்பு ஓர் ஏக்கர். ஒரு ஹெக்டேயருக்கு ஏறக்குறைய 40 பரப்பு வரும். மனக்கணக்காகப் பிரித்துச் சொல்லக்கூடியதுதான். ஆனால் அவர் அவ்வாறு பிரித்துச் சொல்லாமல் யோசித்துக்கொண்டு நின்றதை நான் மதிக்கிறேன். கேட்கப்பட்டது வகுத்தற் கணக்கன்று என்பதை அவர் உணர்ந்துவிட்டார். அந்த மௌனம் தலைவருக்குச் சங்கடமாயிருந்தது போலும். 'நேரம் போதாமையால் கேள்வி நேரத்தை இத்துடன் நிறைவு செய்து நன்றியுரைக்குச் செல்வோம்' என்றார். பொன்னாடை போர்த்தப்பட்டது. எமது கூட்டங்களிலே பொன்னாடை என்பது பேச்சாளரை மூடிவிடுவதற்கான துணியோ என்று எனக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

இன்னொரு கேள்வி மண்டபத்திலே கேட்கப்படவேயில்லை. கூட்டம் மாலை 6 மணிக்குத் தொடங்கியது. அது பெண்களுக்கு விளக்கேற்றி உலை வைக்கும் நேரம். வந்திருந்த சில பெண்களும் பின்விறாந்தையில் நின்றுகொண்டே கேட்டனர். என் தமக்கையார் நான்கு மாதக் குழந்தையைத் தோளிற் சாய்த்தபடி அங்கே நின்றிருந்தார். தாய்ப்பால் போதாமையாற் குழந்தைக்குப் பால்மாவும் கரைத்துக் கொடுக்கப்பட்டு வந்தது. வீடு திரும்பும் ஒழுங்கையில் அவர் மெல்லிய குரலில் என்னைக் கேட்டார்: "தம்பி, கொதிக்க வைச்சால் அது போகாதோ?"

ஒன்றரை மணி நேரச் சொற்பொழிவின் உயிரான கேள்வி அதுவே என்பது என் துணிபு. கலைப்பீட மாணவனாகிய எனக்கு விடை தெரியாது. அன்றிரவே விரிவுரையாளருக்குத் தொலைபேசியில் அழைப்பெடுத்தேன். போகாது என்றார் அவர். கொதிக்கும்போது நீர் ஆவியாகிக் குறைகிறது. நைத்திரேற்று அப்படியே தங்குகிறது. ஆகையால் அதன் செறிவு கூடுமேயன்றிக் குறையாது. கிருமியைக் கொல்லும் என்று நம்பி எம் வீட்டுப் பெண்கள் தலைமுறையாகச் செய்துவரும் நற்செயல் இந்த ஒரு விடயத்தில் எதிர்விளைவைத் தருகிறது. இதனைச் சொற்பொழிவிற் சொல்லியிருக்கலாமே என்று நான் கேட்டேன். 'எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டேன்' என்றார். மறுநாட் காலை முதல் குழந்தையின் பாலுக்குப் பிரதேச சபையின் குழாய்நீர் வேறாக எடுத்துவரப்பட்டது.

சில வாரங்களின் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் எமது தோட்டத்துக்கு வந்தார். யாரும் அழைக்கவில்லை, தாமாகவே வந்தார். விவசாயப் போதனாசிரியர் ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். கிணற்றுக் கட்டில் இருந்து என் தகப்பனாரோடு இரண்டு மணி நேரம் பேசினார்கள். ஒருமுறையில் இடும் யூரியாவைப் பலமுறையாகப் பிரித்து இடுதல், உரமிட்ட கையோடு வெள்ளமாக நீர் பாய்ச்சாதிருத்தல், மழை இருட்டிவரும் நாளில் உரமூட்டையை அவிழ்க்காதிருத்தல் என அவர்கள் சொன்னவை எளியவை. அவற்றுக்கு விடையாக என் தகப்பனார் தமது தந்தையார் காலத்திலே பூவரசங்குழை தாழ்த்தியதையும், ஆட்டுப்பட்டி அடைத்ததையும், இவை ஏன் கைவிடப்பட்டன என்பதையும் விரித்துரைத்தார். குழை வெட்டக் கூலியாளில்லை. பூவரசு நின்ற வேலிகளெல்லாம் மதிலாகிவிட்டன. வந்தவர் இருவரும் குறிப்பெடுத்தனர். பயன் சொல்லல் இரு திசையிலும் நடந்த நாள் அது.

அறிஞர் கேட்பவராக மாறுதல் எமது பல்கலைக்கழக வரலாற்றிலே முன்மாதிரி இல்லாததன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையிலே 'கர்ணன் போர்' கூத்தை 1962 இலும் 'இராவணேசன்' கூத்தை அதன் பின்னரும் மேடையேற்றியதைப் பலரும் புகழ்ந்து எழுதியிருக்கின்றனர். மேடையைப் புகழ்வோர் அதற்கு முன்னர் நிகழ்ந்ததைப் போதிய அளவு கவனிப்பதில்லை என்பது என் குறை. ஆட்டமும் தாளமும் கிராமத்து அண்ணாவிமாரிடம் இருந்தன. இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்ற ஒருவர் அவர்களிடம் போய்க் கேட்டறிய ஆயத்தமாயிருந்தார். கூத்து மேடையேறியது அதன் பின்னரே.

2020 ஆம் ஆண்டிலும் 2021 ஆம் ஆண்டிலும் பெருந்தொற்றுக் காரணமாக வாசிகசாலைகள் பூட்டிக் கிடந்தபோது சொற்பொழிவுகள் சூம் செயலிக்குக் குடிபெயர்ந்தன. இதனால் விளைந்த நன்மைகளை நான் மறுக்கவில்லை. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருந்து எம்மவர் கேட்டார்கள், ஒலிப்பதிவுகள் எஞ்சின. ஆனால் ஒழுங்கையிலே நடந்து வரும்போது மெல்லக் கேட்கும் கேள்விக்கு அங்கே இடமில்லை. கூட்டம் முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்த எல்லோரும் ஒரே கணத்தில் மறைந்துவிடுகின்றனர்.

எமது வாசிகசாலையிலே இப்பொழுது சில மாற்றங்கள் செய்துள்ளோம். கூட்டம் பிற்பகல் 4 மணிக்கு ஆரம்பமாகிறது. முன்னர் கூட்டத்தை முடித்துவைத்த அதே தலைவர்தான் இன்றும் தலைவர். 4 மணிக்கு முதலில் இணங்காதவரும் அவரே. அவருடைய மனைவியார் கூட்டத்துக்கு வரத் தொடங்கிய பின் அவரது எதிர்ப்புத் தணிந்தது. கேள்வியை ஒரு துண்டிலே பெயர் குறிப்பிடாமல் எழுதிக் கொடுக்கலாம் என்று வைத்தோம். முதற் கூட்டத்தில் வந்த பதினொரு துண்டுகளில் ஏழு பெண்களின் கையெழுத்து என்று, அவற்றை வாசித்த ஓய்வுபெற்ற அதிபர் கண்டுபிடித்துச் சொன்னார். அவர்களிற் பலர் அவரிடம் படித்தவர்கள். பெயரில்லாத துண்டு என்பது எங்கள் ஊரிலே அவ்வளவு எளிதன்று.

என் தகப்பனார் தோட்டத்தின் ஒரு துண்டில் மட்டும் உரத்தைப் பிரித்து இட்டுப் பார்த்தார். விளைச்சல் குறையவில்லை என்கிறார். ஆயினும் மற்றத் துண்டுகளிலே பழையபடிதான் இடுகிறார். ஒரு போகத்தை வைத்து முடிவு கட்டலாமா என்பது அவரது வாதம். எமது கிணற்று நீரைப் பரிசோதித்தபோது அது எல்லையைக் கடந்தே இருந்தது. குழந்தைக்கு இப்பொழுது ஒரு வயது கடந்துவிட்டது. கிணற்று நீரைத் தமக்கையார் இன்னும் அவனுக்குக் கொடுப்பதில்லை.

விரிவுரையாளர் பின்னர் அரைத்தாளில் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். எல்லாக் கணக்கும் பரப்பில் இருந்தது. கொதிக்கவைத்தல் பற்றிய செய்தி முதல் வரியிலே பெரிய எழுத்தில் இருந்தது. பத்திரிகை மேசைக்கு மேலுள்ள அறிவித்தற் பலகையில் அதனை ஒட்டினேன். சென்ற விடுமுறைக்கு ஊர் போனபோது பார்த்தேன். தாள் பழுப்பேறியிருந்தது. வெங்காயத்துக்குரிய அளவின் கீழே யாரோ நீல மையினால், 'புகையிலைக்கு?' என்று எழுதியிருந்தார்கள். யாருடைய கையெழுத்து என்று அதிபருக்கும் தெரியவில்லை. படம் பிடித்து விரிவுரையாளருக்கு அனுப்பியிருக்கிறேன்.